கடிவாயில் ஒரு ஊசி, கையில் ஒரு ஊசி

"கையிலதான் ஊசி போட்டாச்சே சிஸ்டர், புண்ணுக்குள்ள எதுக்கு இன்னொண்ணு?"

நாய்க்கடிக்கு ஊசி போடும் இடத்தில் இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. கேட்பதில் நியாயம் இருக்கிறது. கடிபட்ட இடம் ஏற்கெனவே எரிகிறது. அதைச் சுற்றி நாலைந்து இடத்தில் ஊசியை இறக்கி மருந்தை ஏற்றினால் வலி பொறுக்க முடியாது. குழந்தை என்றால் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த அழுகையைத் தாங்க முடியாமல், "தடுப்பூசி போட்டாச்சு, போதும்" என்று தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும் பெற்றோர் உண்டு. அங்கேதான் உயிர் போகிற தவறு நடக்கிறது. கையில் போட்ட ஊசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கடிவாயில் போடும் ஊசி போட்ட நிமிடமே வேலையைத் தொடங்கும். முதலாவது, உடம்பை எதிர்ப்பொருள் செய்யச் சொல்வது. இரண்டாவது, வேறோர் உடம்பில் செய்த எதிர்ப்பொருளைக் கடனாக வாங்கி வைப்பது. இந்த வேறுபாடு பிடிபட்டால், நாய்க்கடி சிகிச்சையில் ஒவ்வொரு விதியும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாக விளங்கும்.

எதிர்ப்பொருள் என்பது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஆன்டிபாடி என்று எழுதியிருக்கிறதே, அதுதான். ஒரு வகைப் புரதம். இரண்டு கனமான சங்கிலியும் இரண்டு லேசான சங்கிலியும் சேர்ந்து கவட்டைக்குச்சி போன்ற உருவம். கவட்டையின் இரண்டு கிளை நுனிகளும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் பற்றும்படி அமைந்தவை. நாய்க்கடியால் வரும் வெறிநோயின் (ரேபிஸ்) கிருமியைப் பற்றும் எதிர்ப்பொருளுக்கு டெட்டனஸ் நஞ்சு அன்னியம். அடியில் இருக்கும் காம்பு, 'இங்கே ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன்' என்று விழுங்கு செல்களுக்கு அடையாளம் காட்டும் பகுதி.

வெறிநோய் வைரஸ் துப்பாக்கித் தோட்டா வடிவில் இருக்கும். மேலே கொழுப்புப் படலம், அதில் முள் முள்ளாக ஒரு சர்க்கரைப் புரதம். நரம்பு நுனியைப் பற்றி உள்ளே நுழைய அந்த முட்கள்தான் அதற்குச் சாவி. எதிர்ப்பொருள் போய் முட்களின் மேல் உட்கார்ந்துவிட்டால் வைரஸால் நரம்பைத் தொட முடியாது. பிறகு விழுங்கு செல்கள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு நிபந்தனை. எதிர்ப்பொருளின் ஆட்சி செல்லுக்கு வெளியேதான். ரத்தத்திலும், திசுக்களுக்கு இடையே ஊறும் நீரிலும் அது வைரஸைப் பிடிக்கும். வைரஸ் நரம்புக்குள் நுழைந்துவிட்டால் எதிர்ப்பொருளின் கைக்கு எட்டாது. நரம்பின் உள்ளே நாளொன்றுக்கு 5 முதல் 10 செ.மீ. வரை மேலேறித் தண்டுவடத்தையும் மூளையையும் அடையும். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு, எதிர்ப்பொருளைப் பெரும்பாலும் உள்ளே விடாது. தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுக்கும் அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்பதற்கு இதுவே காரணம். அந்தக் கட்டத்தில் சீரம், அதாவது எதிர்ப்பொருள் உள்ள ரத்தத் தெளிநீர், எவ்வளவு ஏற்றினாலும் பயன் கிடையாது.

நல்லகாலமாக, வைரஸ் பல வேளை கடிவாயின் தசையிலேயே தங்கிப் பெருகிவிட்டுத்தான் நரம்புக்குள் போகிறது. அறிகுறி தெரியப் பெரும்பாலும் 2, 3 மாதம் ஆவது அதனால்தான். முகம், தலை, கழுத்து, விரல் நுனி ஆகியவை நரம்பு அடர்ந்த இடங்கள், அல்லது மூளைக்குப் பக்கம். அங்கே கடித்தால் நாள் குறையும். ஒரு வாரத்தில் அறிகுறி வந்ததும் உண்டு, ஒரு வருடம் கழித்து வந்ததும் உண்டு. எந்தக் கடியில் வைரஸ் தங்கும், எந்தக் கடியில் நேரே நரம்பில் ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. எல்லாக் கடியையும் அவசரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"உடம்பே எதிர்ப்பு சக்தியை உண்டாக்கிக்காதா?" என்றும் கேட்பார்கள். மற்ற பல தொற்றுகளில் உண்டாக்கிக்கொள்ளும். வெறிநோய் வைரஸ் கடிவாயில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு நரம்புக்குள் ஒளிந்துகொள்வதால், நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் அது போதிய அளவு படுவதே இல்லை. இயற்கையாக எதிர்ப்பொருள் தோன்றும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். அதனால்தான் கொன்ற வைரஸைத் தடுப்பூசியாகத் தோளில் போட்டு உடம்புக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

தோளில் போட்ட பிறகு நடப்பது இது. அந்த இடத்தில் இருக்கும் காவல் செல்கள் தடுப்பூசிப் பொருளை எடுத்துக்கொண்டு அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளை அணுக்களான பி செல்கள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தைப் பற்றும் எதிர்ப்பொருளைத் தன் மேல் வைத்திருக்கும். இந்த முட்களோடு பொருந்துகிற பி செல் மட்டும் தூண்டப்பட்டு, டி செல் என்ற இன்னொரு வெள்ளை அணுவின் உதவியோடு பெருகத் தொடங்கும். பெருகும்போதே சின்னச் சின்ன மாற்றங்கள் நிகழும். இன்னும் இறுக்கமாகப் பற்றுவது நிலைக்கும், தளர்வாகப் பற்றுவது கழியும். தேறியவற்றில் ஒரு பகுதி, விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்பொருளைச் சுரக்கும் தொழிற்சாலை செல்லாக மாறும். இன்னொரு பகுதி நினைவு செல்லாக ஒதுங்கி இருக்கும்.

இத்தனையும் ஒரு ராத்திரியில் முடியாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் தலைகாட்டவே 7 முதல் 10 நாள். முதலில் வருவது ஐஜிஎம் வகை. அது பருமன் பெரிது, திசுக்களுக்குள் அவ்வளவாகப் புகாது. வேலைக்கு ஆகும் ஐஜிஜி வகை பிறகுதான் ஏறும். மி.லி.க்கு 0.5 யூனிட் என்பது தடுப்பூசி வேலை செய்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட அளவு. ஆரோக்கியமான உடம்பு 14 ஆம் நாளுக்குள் அதை எட்டிவிடும். ஆக, கடித்த நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாள் வரை உடம்பில் சொந்த எதிர்ப்பொருள் கிடையாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் கடிவாயில் போடும் ஊசி.

இந்தக் கடன் வாங்கும் யோசனை பழையது. 1885 இல் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். ஐந்து வருடம் கழித்து, 1890 இல், பெர்லினில் பேரிங், கிட்டசாட்டோ என்ற இரு விஞ்ஞானிகள் டெட்டனஸுக்கு எதிர்ப்பு பெற்ற விலங்கின் சீரத்தை வேறொரு விலங்குக்கு ஏற்றினால் அதுவும் தப்பிக்கிறது என்று காட்டினார்கள். வெறிநோய்க்கு அது உதவுமா என்ற கேள்விக்கு மனிதர்களிடம் விடை கிடைத்தது 1954 இல், ஈரானில். வெறிபிடித்த ஓநாய் ஒன்று ஒரே இரவில் 29 பேரைக் கடித்துக் குதறியது. டெஹ்ரான் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பால்தசாரும் பஹ்மன்யாரும் அவர்களுக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். தலையில் காயம்பட்டவர்களில் தடுப்பூசி மட்டும் பெற்ற 5 பேரில் 3 பேர் இறந்தார்கள். தடுப்பூசியோடு சீரமும் பெற்ற 13 பேரில் ஒருவர் இறந்தார். இன்றைக்கும் கடிவாய் ஊசி வேண்டாம் என்று யாராவது எழுந்துபோனால், இந்த இரண்டு எண்களைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

இனி நடைமுறை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன்பே, முதல் சிகிச்சை வீட்டுக் குழாயடியில் தொடங்கிவிட வேண்டும். ஓடும் தண்ணீர், சோப்பு, 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். கையால் கழுவினோம் என்று வருகிறவர்களிடம் எவ்வளவு நேரம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இருக்காது. வைரஸின் மேலுறை கொழுப்பு என்று சொன்னோமல்லவா, சோப்பு அதைக் கரைத்துவிடும். உறை போனால் வைரஸ் செத்தது. தண்ணீர் மிச்சத்தை அடித்துக்கொண்டு போகும். எதிர்ப்பொருள் சமாளிக்க வேண்டிய எதிரிகளின் எண்ணிக்கை கழுவுவதிலேயே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எந்தச் சோப்பானாலும் சரி, துணி துவைக்கும் சோப்பும் ஆகும். ஆழமான பற்குழி என்றால் தண்ணீர் உள்ளே போகும்படி காட்டிப் பிடிக்க வேண்டும். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி இருந்தால் போடலாம்.

சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி, காப்பித்தூள், பச்சிலைச் சாறு, எதுவும் வேண்டாம். இவை கழுவ வேண்டிய புண்ணை மூடிவிடுகின்றன. காரமானவை சதையைப் புண்ணாக்குகின்றன. பிறகு அந்தப் பூச்சை எடுக்கவே தனியாக நேரம் போகிறது. சூடு வைப்பதும் அப்படியே. இறுக்கிக் கட்டுப் போடவும் வேண்டாம்.

தையல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நல்ல எண்ணத்தோடு தவறு நடக்கிறது. முகம் கிழிந்து ரத்தம் கொட்டும்போது பக்கத்துக் கிளினிக்கில் உடனே தைத்து அனுப்பிவிடுகிறார்கள். தைக்கும் ஊசி, உமிழ்நீரில் இருக்கும் வைரஸைப் புதிய ஆழத்துக்குக் கொண்டுபோகிறது, புதிய நரம்பு நுனிகளைத் திறந்துவிடுகிறது. கூடியவரை தைக்காமல் விட வேண்டும். தைத்தே ஆக வேண்டிய காயமென்றால் முதலில் கடிவாயில் எதிர்ப்பொருளை ஏற்றி, அது திசுவில் பரவச் சில மணி நேரம் விட்டு, பிறகு தளர்வாக ஓரிரு தையல். ஏற்கெனவே தைத்துவிட்டார்கள் என்றாலும் எதிர்ப்பொருள் ஊசியைக் கைவிடக் கூடாது, தையலைச் சுற்றிப் போட வேண்டும்.

யாருக்குக் கடிவாய் ஊசி தேவை? நாயைத் தொட்டது, சோறு வைத்தது, புண்ணில்லாத தோலை அது நக்கியது, இதெல்லாம் முதல் வகை. ஊசி எதுவும் வேண்டாம். ரத்தம் வராத சிறு கீறல், தோலை லேசாகக் கவ்வியது இரண்டாம் வகை. தடுப்பூசி மட்டும். தோலைத் துளைத்த கடி, ரத்தம் வந்த பிராண்டல், புண்ணின் மேல் நக்கியது, கண்ணிலோ வாயிலோ உமிழ்நீர் பட்டது, இவை மூன்றாம் வகை. தடுப்பூசியும் எதிர்ப்பொருளும் இரண்டும். "பல் படல, நகம்தான்" என்று சொல்லிச் சிலர் இரண்டாம் வகைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். நாய் தன் காலை நக்குகிறது, நகத்தில் உமிழ்நீர் இருக்கும். ரத்தம் வந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு சொட்டு வந்தாலும் மூன்றாம் வகை. பூனை, குரங்குக் கடிக்கும் இதே கணக்கு.

எதிர்ப்பொருளில் இரண்டு வகை நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளன. குதிரைக்குத் தடுப்பூசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது ஒன்று. தடுப்பூசி பெற்ற மனிதர்கள் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது மற்றொன்று. குதிரை வகை கிலோவுக்கு 40 யூனிட், மனித வகை கிலோவுக்கு 20 யூனிட். ஆய்வகத்தில் செல் வளர்த்துத் தயாரிக்கும் ஒற்றை வகை எதிர்ப்பொருள்களும் இப்போது இந்தியாவில் கிடைக்கின்றன. அவற்றுக்குக் கணக்கு தனி. உறையில் எழுதியிருப்பதை மட்டுமே பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ ஆள், குதிரை சீரம், மி.லி.க்கு 300 யூனிட் குப்பி. 60 ஐ 40 ஆல் பெருக்கினால் 2,400 யூனிட், அதாவது 8 மி.லி. 15 கிலோ குழந்தைக்கு 600 யூனிட், 2 மி.லி. மனித வகை மி.லி.க்கு 150 யூனிட் குப்பியாக இருந்தால் மி.லி. அளவு இதே எண்ணாகத்தான் வரும். ஆனால் மனித வகையில் மி.லி.க்கு 300 யூனிட் குப்பிகளும் உண்டு. பழக்கத்தில் மி.லி.யை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருப்பவர் அங்கே இரட்டிப்பு மருந்து ஏற்றிவிடுவார். யூனிட்டைக் கணக்கிட்டு, குப்பியின் அடர்த்தியால் வகுத்த பிறகே ஊசியில் எடுக்க வேண்டும்.

இரட்டிப்பு கொடுத்தால் நல்லதுதானே என்று நினைக்கலாம். கெடுதல். கடன் வாங்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் அளவுக்கு மேல் சுற்றினால், கையில் போட்ட தடுப்பூசிப் பொருளையும் அதுவே பிடித்து மறைத்துவிடும். பி செல்களுக்குப் பார்க்க எதுவும் மிஞ்சாது. சொந்த எதிர்ப்பொருள் ஊறுவது மட்டுப்படும். இரண்டு மருந்தையும் ஒரே ஊசிக்குழலில் கலக்கவோ ஒரே இடத்தில் போடவோ கூடாது என்ற விதிக்கும் இதுதான் காரணம். நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு இது வேறு வழியில் தெரிந்திருக்கும்: தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது, அதனால்தான் வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கால்நடை மருத்துவர் மூன்று மாதம் ஆகட்டும் என்கிறார்.

அளவை எடுத்த பிறகு எங்கே போடுவது என்பதில்தான் மிகப் பெரிய பிழை நடந்துகொண்டிருந்தது. கொஞ்சத்தைப் புண்ணில் போட்டுவிட்டு மிச்சத்தைத் தொடையிலோ பிட்டத்திலோ தசையில் ஏற்றுவது பல ஆண்டு வழக்கம். தொடையில் ஏற்றியது உடம்பு முழுக்க நீர்த்துப்போகும். கடிவாய்க்கு வந்து சேர்வது அற்பம். வைரஸ் இருப்பது விரலில், காவலாளை நிறுத்தியிருப்பது தொடையில். சிம்லாவில் மருத்துவர் ஓமேஷ் பார்த்தி, தட்டுப்பாட்டு நாட்களில் புண்ணுக்குள் மட்டும் தேவையான சிறு அளவு போடும் முறையைப் பின்பற்றி, அதன் பலனைப் பதிவுசெய்து வந்தார். 2018 இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது: கடிவாய்க்குள்ளும் அதைச் சுற்றியும் ஏற்ற முடிந்ததை ஏற்று, மிச்சத்தை வேறு இடத்தில் தசையில் போடத் தேவையில்லை. பார்த்திக்கு 2019 இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எடைக் கணக்கில் வரும் அளவு தாண்டக் கூடாத மேல் வரம்பு. சின்னப் பற்குறிக்கு அதில் ஒரு பகுதியே போதும். மருந்து தட்டுப்பாடான ஊர்களில் இந்த ஒரு மாற்றத்தால் ஒரு குப்பி பல பேருக்குப் பயன்படுகிறது.

போடும் விதம்: மெல்லிய ஊசி, புண்ணின் ஓரத்திலிருந்து தொடங்கி அடிவரைக்கும், மெதுவாக. ஒரே துளையில் ஊசியை வெளியே எடுக்காமல் திசை திருப்பிப் போட்டால் குத்து குறையும். ஒவ்வொரு பற்குறிக்கும் கிடைக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் அந்த ஒன்றின் வழியாக வைரஸ் போய்விடும். ஆகவே சட்டையைக் கழற்றி முதுகு, தலைமுடிக்கு உள்ளே, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்துக் கடிகளை எண்ணிக்கொண்ட பிறகுதான் மருந்தைப் பிரிக்க வேண்டும். குழந்தைகள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். பெரிய காயத்தைக் காட்டி அழும் குழந்தை, தலையில் இருக்கும் சின்னக் குத்தைச் சொல்லாது. காயம் பத்து, மருந்து 2 மி.லி. என்றால் உப்புநீர் சேர்த்து இரண்டு மூன்று மடங்காக்கிக்கொள்ளலாம். அளவு ஒன்றுதான், பரவும் இடம் கூடும். விரல் நுனியில் மட்டும் கவனம். இறுக்கமான இடம், மருந்தைத் திணித்தால் ரத்த ஓட்டம் நின்று விரல் கெட்டுப்போகும். தோல் வெளுக்கத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். கண்ணில் உமிழ்நீர் பட்டிருந்தால் நீர்த்த மருந்தால் கழுவலாம்.

குதிரை சீரம் என்றதும் ஒவ்வாமைப் பயம். இப்போதைய மருந்து நன்றாகச் சுத்திகரித்தது. காம்புப் பகுதியை நொதியால் வெட்டி நீக்கிவிட்டு, பற்றும் கைகளை மட்டும் வைத்துத் தயாரிக்கிறார்கள். ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது அதனால்தான். தோலில் கொஞ்சம் போட்டுச் சோதிப்பது யாருக்கு ஒவ்வாமை வரும் என்று சரியாகச் சொல்வதில்லை என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதை இப்போது கேட்பதில்லை. கடும் ஒவ்வாமைக்குக் கொடுக்கும் அட்ரினலின் மருந்தை எடுத்து வைத்துக்கொண்டு, போட்ட பிறகு அரை மணி நேரமாவது ஆளை உட்கார வைத்துப் பார்ப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. ஒரு வாரம் கழித்துத் தடிப்பு, மூட்டுவலி, காய்ச்சல் சிலருக்கு வரும். குதிரைப் புரதத்துக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருள் செய்வதன் விளைவு அது. மருந்துக்கு அடங்கும். அதற்காகத் தடுப்பூசித் தொடரை நிறுத்த வேண்டாம்.

முதல் நாள் எதிர்ப்பொருள் கிடைக்கவில்லையா? தடுப்பூசியை உடனே தொடங்கிவிட்டு, கடிவாய் ஊசியை எங்கே கிடைக்கிறதோ அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழாம் நாள் வரை அதற்கு இடமுண்டு. அதற்குப் பிறகு சொந்த எதிர்ப்பொருள் ஊறத் தொடங்கியிருக்கும், வெளியிலிருந்து கொடுப்பது அதைக் குலைக்கும். ஆனால் கடித்து இரண்டு மாதம் ஆகி, இதுவரை தடுப்பூசியே போடாதவர் வந்தால், நேற்று கடித்ததாகவே எண்ணி இரண்டையும் கொடுக்க வேண்டும். ஏழு நாள் கணக்கு கடித்த நாளிலிருந்து ஓடுவதல்ல. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு "நாள் ஆயிடுச்சு, இனி சீரம் வேண்டாம்" என்று திருப்பி அனுப்புவது நடக்கிறது. அப்படி அனுப்பினால் அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், வேறு இடத்துக்குப் போங்கள்.

கையில் போடும் ஊசிக்கு வருவோம். அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறை: 0, 3, 7, 28 ஆம் நாட்களில் (0 என்பது முதல் ஊசி போடும் நாள்), ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மி.லி. வீதம். தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் முழுக் குப்பி. "கொஞ்சமா போடறாங்க, பிரைவேட்ல முழுசா போடறாங்க" என்று அரசு ஊசியைக் குறைவாக நினைப்பவர்கள் ஏராளம். தோலில் காவல் செல்கள் தசையைவிட அடர்த்தியாக இருக்கின்றன. குறைந்த மருந்தே அவற்றின் கண்ணில் பட்டுவிடும். சரியாகப் போட்டால் எதிர்ப்பொருள் அளவில் குறைவில்லை. 'சரியாக' என்பதுதான் அங்கே எல்லாம். போட்டவுடன் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக ஒரு சிறு கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் மருந்து தோலைத் தாண்டிவிட்டது, பக்கத்தில் இன்னொரு முறை போட வேண்டும். திறந்த குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள், எட்டு மணி நேரத்துக்கு மிகாமல், தீர்க்க வேண்டும். உறைந்துபோன மருந்து உதவாது.

தசையில் போடுவதானால் தோள்பட்டை, சின்னக் குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்கவாட்டு. பிட்டத்தில் கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து கொழுப்பில் தங்கிவிட்டால் எதிர்ப்பொருள் சரியாக ஏறாது.

மூன்றாம் நாள் வர முடியவில்லை, ஐந்தாம் நாள் வருகிறார் என்றால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, அடுத்த இடைவெளிகளை அப்படியே தள்ளிப் போடலாம். ஆனால் முதல் மூன்று ஊசிகள் தள்ளிப்போவது நல்லதல்ல, ஓட்டப்பந்தயம் நடப்பது அந்த வாரத்தில்தான். நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லது. அதற்காக ஊசியைத் தொடங்காமல் காத்திருப்பது கூடாது. பத்து நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் உமிழ்நீரில் வைரஸ் இல்லை என்று பொருள், மிச்ச ஊசியைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். பத்தியம் எதுவும் இல்லை. மீன், முட்டை, கறி சாப்பிடலாம், தலைக்குக் குளிக்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் இரண்டு ஊசியும் போட்டுக்கொள்ளலாம், போட்டே ஆக வேண்டும்.

தொப்புளைச் சுற்றிப் போடுவார்களே என்ற பயத்தில் இன்றும் ஊசிக்கு வராத முதியவர்கள் இருக்கிறார்கள். அது ஆட்டு மூளைத் திசுவில் தயாரித்த பழைய மருந்து. நரம்புத் திசு கலந்திருந்ததால் சிலருக்குச் சொந்த நரம்பையே நோயெதிர்ப்பு மண்டலம் தாக்கிப் பக்கவாதம் வந்தது. 1907 இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் அந்த மருந்தைத் தயாரித்தது, பிறகு செல் வளர்ப்பு மருந்துக்கு மாறியது. 2004 டிசம்பருக்குப் பிறகு இந்தியாவில் அந்த ஊசி தயாரிப்பிலேயே இல்லை.

ஒரு பிரிவினருக்கு மட்டும் மேலே சொன்ன நாள் கணக்கை நம்ப முடியாது. எச்.ஐ.வி. உள்ளவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்பவர்கள். இவர்களுடைய பி செல்களும் டி செல்களும் மந்தமாக இருப்பதால் தடுப்பூசி போட்டும் எதிர்ப்பொருள் போதிய அளவு ஏறாமல் போகலாம். ஆகவே ரத்தம் வராத கீறலுக்கும் இவர்களுக்குக் கடிவாய் எதிர்ப்பொருள் தேவை. தடுப்பூசியை ஐந்து முறையும் தசையில் போட்டு, 2 முதல் 4 வாரத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற சில ஆய்வகங்களில் அந்தப் பரிசோதனை உண்டு. நோயாளியின் சீரத்தை உயிருள்ள வைரஸோடு கலந்து, அது வைரஸை முடக்குகிறதா என்று செல்களில் பார்ப்பார்கள். மாத்திரைச் சீட்டை ஊசி போடும் இடத்தில் காட்டாமல் மறைத்துவிட்டால் இவை எதுவும் நடக்காது. கேட்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். மற்ற ஆரோக்கியமானவர்களுக்கு அந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே ஒருமுறை முழுத் தொடரும் போட்டுக்கொண்டவரை மறுபடி நாய் கடித்தால் கதை மாறுகிறது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்திருக்கலாம், ஆனால் நினைவு செல்கள் பல ஆண்டு காத்திருக்கின்றன. ஒரே ஊசியில் அவை சில நாட்களுக்குள் எழுந்து, முதல் முறையைவிட வேகமாகவும் இறுக்கமாகவும் பற்றும் எதிர்ப்பொருளை ஊற்றெடுக்க வைக்கும். ஆகவே 0, 3 ஆம் நாட்களில் தடுப்பூசி மட்டும் போதும். காயம் எவ்வளவு ஆழமானாலும் கடிவாயில் எதிர்ப்பொருள் வேண்டாம், போட்டால் இடைஞ்சல். சோப்பு போட்டுக் கழுவுவது மட்டும் அப்படியே. ஆனால் இதை எல்லாம் முடிவு செய்ய, முன்பு எப்போது, எத்தனை ஊசி போட்டார் என்பதற்குக் கையில் ஒரு சான்று வேண்டும். "அஞ்சாறு வருஷம் முன்னாடி போட்ட மாதிரி ஞாபகம்" என்றால் புதியவராகவே எண்ணி, கடிவாய் ஊசியிலிருந்து தொடங்க வேண்டிவரும். நாய்க்கடி ஊசிச் சீட்டைக் குடும்ப அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். 28 ஆம் நாள் ஊசிக்குத் தேதி குறித்திருப்பதும் அந்தச் சீட்டில்தான்.